தொண்ணூறில் வைத்த மெஷின்

புராக் காற்று வீசுகிற நாளில் ஒரு வீட்டுக் கொடி காலியாகக் கிடந்தால் எங்கள் சந்தில் அதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். அந்த வீட்டில் சாவு விழுந்திருக்கும், இல்லையென்றால் மறைக்க ஏதோ இருக்கும். மலையிலிருந்து இறங்கும் அந்தக் காற்றில் கனத்த போர்வைகூட மதியத்துக்குள் மொடமொடவென்று காய்ந்துவிடும். ஸ்ப்லிட் நகரத்துப் பெண் எவளும் அதை வீணாக்க மாட்டாள். அந்த வியாழக்கிழமை வின்கா வீணாக்கினாள்.

எதிர் ஜன்னல் பிலோமெனா சும்மா இருப்பாளா?

"என்னடி வின்கா, புருஷன் கப்பல் ஏறினதும் துணி மாத்தறதையே விட்டுட்டியா?"

"மெஷின் ரிப்பேர்!" என்று கத்திவிட்டு வின்கா ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

மெஷின் உள்ளே நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மகள் தொன்கா பள்ளிச் சுற்றுலாவில் தங்கிய விடுதியிலிருந்து சொறியைக் கொண்டுவந்திருந்தாள். இப்போது தாய்க்கும் விரலிடுக்கெல்லாம் அரிப்பு. பக்கத்து மருந்துக்கடைக்காரி ஊருக்கே சொல்லிவிடுவாள் என்று பயந்து, நகரத்தின் மறுகோடிக்கு பஸ் ஏறிப் போய்க் களிம்பு வாங்கினாள். உடுத்தியது, விரித்தது, போர்த்தியது எல்லாவற்றையும் குறைந்தது அறுபது டிகிரி சூட்டில் துவைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அறுபதில்தான் வைத்தாள். கண்ணாடிக் கதவைத் தொட்டால் குழந்தையைக் குளிப்பாட்டும் வெந்நீர் அளவுக்குக்கூடச் சூடில்லை. அந்தத் தண்ணீரில் பூச்சி எங்கே சாகும்? சுகமாகக் குளித்துவிட்டு வெளியே வரும்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டு நாத்தனார் அந்திட்சாவின் கைக்குழந்தை ரோகோவுக்கு ஞானஸ்நானம். ஞானத்தாய் வின்காதான். கோயிலில் எல்லார் முன்னாலும் குழந்தையைக் கையில் ஏந்தி நிற்க வேண்டியவள். இந்தக் கையிலா ஏந்துவது? அதற்குள் எப்படியாவது ஒழித்துக்கட்ட வேண்டும், இல்லையென்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொல்வதை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசியது. அழுக்குப் பிடித்த குடும்பம் என்று பெயர் வந்துவிட்டால் இந்தச் சந்தில் அது எந்தக் காலத்தில் போகும்?

அவளும் அந்திட்சாவும் ஒரே கடையில் தள்ளுபடியில் ஒரே மாதிரி மெஷின் வாங்கியவர்கள். நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"அந்திட்சா, இந்த மெஷின்ல தண்ணி இன்னும் சூடாகணும்னா என்னடி பண்றது?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எதுக்கு அண்ணி?"

"மேஜை விரிப்புல எண்ணெய்க் கறை."

"அறுபதுல வச்சா ஆகாது அண்ணி. பக்கத்துல இலை படம் போட்ட பட்டன் இருக்குல்ல, கரண்டு மிச்சம் பிடிக்கறது, அதை முதல்ல அணைச்சிடுங்க. அது இருந்தா தண்ணி சூடே ஏறாது. காட்டன்ல வச்சு, தொண்ணூறுக்குத் திருப்புங்க. ரொம்ப நேரம் ஓடும், பொறுமையா இருங்க. கெட்டில்ல காய்ச்சி சோப்புத் தட்டு வழியா மட்டும் ஊத்திடாதீங்க. தட்டு வளைஞ்சு வீடெல்லாம் தண்ணியாயிடும்."

வின்கா கையில் கெட்டிலோடுதான் நின்றிருந்தாள். ஓர் எண்ணெய்க் கறைக்கு இவளுக்கு எப்படி இவ்வளவு தெரிந்தது என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. பட்டனை அணைத்து, தொண்ணூறில் வைத்தாள். கண்ணாடி தொட முடியாமல் கொதித்தது. துவைத்ததையெல்லாம் குளியலறையில் கயிறு கட்டிக் காயப்போட்டாள். வெளியே அவ்வளவு அருமையான காற்று!

சனிக்கிழமை வந்தும் அரிப்பு நிற்கவில்லை. இடுப்புப் பிடிப்பு, பிள்ளையைத் தூக்க முடியாது என்று ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு கீழே இறங்கினாள். அந்திட்சா கதவைப் பாதிதான் திறந்தாள். அவளுக்குப் பின்னால் குளியலறை தெரிந்தது. கயிறு முழுக்க விரிப்பும் போர்வையும் சொட்டிக்கொண்டிருந்தன. இடுப்பிலிருந்த ரோகோவின் இரண்டு கையிலும் துணி உறை.

வின்கா வாயைத் திறப்பதற்குள் அந்திட்சா அழுதுவிட்டாள்.

"தெரிஞ்சுபோச்சா அண்ணி? பிள்ளைக்குச் சொறி. எங்கேர்ந்து ஒட்டிச்சுன்னே தெரியல. தொன்கா வேற தினம் வந்து தூக்கி வச்சிருந்தா. அவளுக்கும் வந்துடுச்சு, அதானே? அதான் நீங்க தண்ணி சூடு கேட்டீங்க. போனை வச்சதும் புரிஞ்சுது. என் வீட்டுலேர்ந்துதான் உங்களுக்கு வந்திருக்கு. சொல்ல வெக்கமா இருந்துச்சு. மன்னிச்சிடுங்க அண்ணி."

மகளுக்குச் சொறி என்று வின்காவுக்குப் போன மாதமே தெரியும். தெரிந்துகொண்டேதான் மகளைக் கீழே அனுப்பினாள். அனுப்பாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே! உண்மை நாக்கு நுனிவரை வந்தது. வாயிலிருந்து வெளியே வந்தது வேறு.

"பரவாயில்லடி, விடு."

மன்னித்தே விட்டாள், மகராசி! மாடிப்படி ஏறும்போது முகம் தீயாய் எரிந்தது. சொறி பிடித்த கையைவிட அந்தச் சொல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லி ஞானஸ்நானத்தைத் தள்ளிவைத்தார்கள். ஞாயிறு காலையிலும் புரா நிற்கவில்லை. பிலோமெனா ஜன்னலில் முழங்கையை ஊன்றி, வின்காவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்துவதுபோல் கத்தினாள்:

"காய்ச்சலாம், காய்ச்சல்! சொறியாமே, மருந்துக்கடைக்காரி சொன்னா. வீட்டைச் சுத்தமா வச்சுக்கத் தெரியாதவளுக்கு எதுக்குடி பிள்ளை?"

கீழே அந்திட்சாவின் ஜன்னல் திறந்திருந்தது.

வின்கா உள்ளே போனாள். கயிற்றிலிருந்த அத்தனையையும் வாரிக்கொண்டு வந்து, சந்தே பார்க்கக் கொடியில் போட ஆரம்பித்தாள்.

"என் வீட்டுச் சொறி அது!" என்று கத்தினாள். "என் மக கொண்டுவந்தது. போன மாசமே எனக்குத் தெரியும். வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அந்தப் பிள்ளைக்கு ஒட்ட வச்சது நாங்கதான். கேட்டுச்சா? இன்னும் சத்தமா சொல்லணுமா?"

பிலோமெனா ஜன்னலிலிருந்து முழங்கையை எடுத்துக்கொண்டாள்.

கீழ் ஜன்னலில் அந்திட்சா வந்து நின்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. ரோகோவின் சின்னச் சின்னச் சட்டைகளை ஒவ்வொன்றாகக் கொடியில் மாட்டினாள். கிளிப் தீர்ந்தபோது வழக்கம்போல மேலே பார்த்துக் கேட்கவும் இல்லை. வின்கா தன் கிளிப் கூடையைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். கூடை அந்த ஜன்னல் முன்னால் காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது.

கடைசியில் அந்திட்சா கையை நீட்டி வேண்டிய கிளிப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"பரவாயில்ல அண்ணி, விடுங்க," என்றாள்.