ஏழாவது நிபந்தனை

காந்திபுரம் டவுன் பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால், மிதித்தவரிடமே "சாரிங்க, காலை வழியில வெச்சுப்போட்டேன்" என்று சொல்லுகிற ரகம் பிரத்யுஷா. இதை அவளே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். கணபதியில் வீட்டின் பின்னறையில் சோப்பு செய்து விற்க ஆரம்பித்து மூன்று வருடமாகிறது. "தொழில் எப்படிப் போகுதுங்க?" என்று யாராவது கேட்டால், "தொழிலெல்லாம் இல்லீங்க, சும்மா" என்பாள். சும்மாவே மாதம் நானூறு சோப்பு போய்க்கொண்டிருந்தது.

அப்படிப்பட்டவள் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டி வந்தது. பாலிசி இல்லாமல் கைவினைக் கண்காட்சியில் கடை போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சோப்பு யாருக்காவது கெடுதல் செய்து, அவர்கள் நஷ்டஈடு கேட்டால் கம்பெனி பார்த்துக்கொள்ளும். ஏஜென்ட் அப்துல் கையூம் வீட்டுக்கே வந்து நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படித்து, ஏழாவதில் விரலை ஊன்றினார்.

"அம்மணி, இதுதானுங்க முக்கியம். யாராச்சும் புகார் சொன்னா, 'எங்க தப்புத்தானுங்க'ன்னு சொல்லிப்போடாதீங்க. நீங்களே ஒத்துக்கிட்டா கம்பெனி கைய விரிச்சுரும். 'பதிவு பண்ணிக்கறோமுங்க, கம்பெனியில இருந்து பேசுவாங்க.' இது மட்டும் சொன்னாப் போதும்."

"சரிங்க பாய். உங்களுக்குத்தான் சிரமம். மன்னிச்சுக்குங்க."

கையூம் பாய் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். "இதத்தானுங்க வேண்டாங்கறேன்."

அவர் கிளம்பும்போது, புதிதாகச் செய்திருந்த ஆவாரம்பூ சோப்பில் இரண்டை வற்புறுத்திக் கையில் கொடுத்தாள். பாய் சொன்ன வாக்கியத்தை எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். தோசை கருகினால் தோசையிடமே மன்னிப்புக் கேட்கிறவளுக்கு இது நடக்கிற காரியமா என்று கணவன் யஷ்வந்த் கேலி செய்தான். அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

கண்காட்சி நன்றாகவே நடந்தது. அது முடிந்த மறுவாரம் அன்புச்செல்வி கூப்பிட்டாள். சென்னிமலையில் தறி போட்டு பெட்ஷீட் நெய்கிறவள், கண்காட்சியில் பக்கத்துக் கடைக்காரி.

"அக்கா, நல்லாருக்கீங்களா? சாப்டீங்களா?" என்று எல்லாம் முறையாகக் கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தாள். "உங்ககிட்ட வாங்குன அந்த ஆவாரம்பூ சோப்பு போட்டதுல இருந்து ரெண்டு கையும் செவந்து தோலு உரியுதுங்க. நூலத் தொட்டா எரியுது. மூணு நாளாத் தறியில உக்காரலீங்க."

"எங்க" என்பது வரை வெளியே வந்துவிட்ட நாக்கை பிரத்யுஷா கடித்துப் பிடித்தாள். பிரிட்ஜைப் பார்த்தாள்.

"பதிவு பண்ணிக்கறோமுங்க. கம்பெனியில இருந்து பேசுவாங்க."

சொல்லியே விட்டாள்! முப்பத்தாறு வயதில் முதல் தடவையாக மன்னிப்புக் கேட்காமல் ஒரு வாக்கியத்தை முடித்திருக்கிறாள். யஷ்வந்த் பக்கத்தில் இல்லாமல் போய்விட்டானே என்று கூட நினைத்தாள்.



"நான் காசு கேக்கக் கூப்பிடலீங்க அக்கா. இதே சோப்ப வேற யாராச்சும் வாங்கியிருந்தா, போட வேண்டாம்னு சொல்லிப்போடுங்கன்னுதான் கூப்பிட்டேன். கொழந்தைக இருக்கற ஊடா இருந்துதுன்னா பாவமுங்க. வெச்சர்றேன்."

பிரத்யுஷாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. வாழ்நாளெல்லாம் தேவையில்லாத இடத்திலெல்லாம் மன்னிப்பை வாரி இறைத்துவிட்டு, தேவைப்பட்ட ஒரே இடத்தில் கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறோம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, செய்த தேதியும் வாங்கியவர்கள் நம்பரும் எழுதிவைக்கும் நோட்டை எடுத்தாள்.

ஆவாரம்பூ, நாற்பத்திரண்டு கட்டி. செய்த தேதியைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் ஒன்றுவிட்ட தங்கை ஹாரிகா வீட்டுக்கு வந்திருந்தாள். "வாரேனுங்க அக்கா" என்று அவள் எழுந்ததற்கும் வண்டியைக் கிளப்பியதற்கும் நடுவே கேட்டில் முக்கால் மணி நேரம் போயிற்று. நேரமாகிறது என்று விருந்தாளியிடம் எப்படிச் சொல்வது? உள்ளே திரும்பி வந்தபோது, கூடினால் தோலை அரிக்கிற காஸ்டிக் சோடா நாலாவது கரண்டி போட்டோமா இல்லையா என்று சந்தேகம். குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு கரண்டி போட்டாள். சோப்பு காய்ந்ததும் கூடிப்போன சோடா மேலே வெள்ளையாகப் பூத்ததை, "பனி விழுந்த ஆவாரம்பூ" என்று படமெடுத்து வேறு போட்டிருந்தாள். நூற்றிருபது லைக்.

தப்பு தன்னுடையதுதான் என்று தெரிந்துபோயிற்று. வாய் திறந்து ஒத்துக்கொண்டால் பாலிசி உதவாது. வாங்கியவர்களில் ஒருவர் கேஸ் போட்டாலும் பின்னறை மட்டுமல்ல, முன்னறையும் சேர்ந்து போகும். தப்பென்று சொல்லாமல், போட வேண்டாம் என்று மட்டும் சொல்லிப் பார்க்கலாமே என்று நோட்டிலிருந்த முதல் நம்பரைக் கூப்பிட்டாள்.

"அய்யோ, இருக்கட்டுங்க! நல்லா வாசமாத்தான் இருக்குது. கொழந்தை கொஞ்சம் எரியுதுங்கறா, அவ்வளவுதானுங்க. நீங்க சங்கடப்படாதீங்க."

இந்த ஊரில் மரியாதைக்காகத் தோலே உரிந்தாலும் சொல்ல மாட்டார்கள்! தன்னைப் போலவே இருக்கிறவர்களிடம்தான் இத்தனை நாளும் சோப்பு விற்றிருக்கிறாள்.

"இல்லீங்க," என்றாள். "எங்க தப்புத்தானுங்க. காஸ்டிக் சோடா கூடிப்போச்சு. இப்பவே தூக்கி வீசிருங்க. பாப்பாவ டாக்டர்கிட்டக் காட்டுங்க, நானும் வாரேன்."

அதற்கப்புறம் அன்புச்செல்வியைக் கூப்பிட்டு, கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்டாள். பிறகு நோட்டில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டாள். சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டிவிட்டது. கடைசியாக ஒரு நம்பர் மிச்சமிருந்தது. அதைக் கூப்பிடத்தான் அவளுக்குக் கை வரவில்லை.

"பாய், ஏழாவது நிபந்தனைய மீறிப்போட்டேனுங்க."

"அய்யோ அம்மணி! எத்தன பேருகிட்ட?"

"இருபத்தஞ்சு பேருகிட்டங்க."

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனுங்களே! இனி யாரு வந்து கேட்டாலும் கம்பெனி உங்கள அம்போன்னு உட்டுப்போடும். நான் எப்படிங்க போயி..." என்று பொரிந்துகொண்டே போனவர் நடுவில் கேட்டார். "எந்தச் சோப்புங்க அது?"

"ஆவாரம்பூங்க. உங்களுக்குக் கூட ரெண்டு குடுத்தேனே."

போன் எதன் மேலோ விழுந்தது. யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் கதவைத் தடதடவென்று தட்டுகிற சத்தம்.

"தாஜுன்னிசா! அந்தச் சோப்ப மூஞ்சியில போட்டுறாத! கீழ போடு! கீழ போடுங்கறேன்ல!"

பிரத்யுஷா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெகு நேரம் கழித்துப் பாய் இரைக்க இரைக்கத் திரும்பி வந்தார்.

"எங்க ஊட்டுக்காரி குளிக்கறதுக்குக் கையில எடுத்துட்டாளுங்க. இன்னைக்குத்தான் பிரிச்சாளாம். நல்லவேளை சொன்னீங்க அம்மணி."

"உங்களுக்குத்தான் சிரமம். மன்னிச்சுக்குங்க பாய்," என்றாள் பிரத்யுஷா.

இந்தத் தடவை அவர் அவளைத் திருத்தவில்லை.