அமுதவள்ளியின் கண்ணீர் குறித்துச் சில திருத்தங்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கண் மருத்துவரின் அறை வாசலில் கிடைத்தது. பிரிக்பீல்ட்ஸில், சேலைக் கடைக்கு மேல்மாடி. எனக்குக் கண் வறட்சி. பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாளுக்கும் அதுவே. டாக்டர் வரத் தாமதமானதால் அவர் பேசினார், நான் கேட்டேன். எழுதலாமா என்றதற்குப் பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார். அமுதவள்ளி நான் வைத்த பெயர். (கதைக்குள் வந்ததும் ‘அவர்’, ‘அவள்’ ஆகிவிடுகிறார். பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அமுதவள்ளி அழுதுகொண்டே இரயிலிலிருந்து இறங்கி’

அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. சிக்கலே அதுதான்.

2

அமுதவள்ளிக்குத் தமிழ்த் தொடர்களுக்கு மலாய் மொழியில் சப்டைட்டில் எழுதும் வேலை. நாள் முழுக்கக் கணினித் திரை, தலைக்கு மேல் ஏர்கான். ஒரு வசனத்தையும் தவறவிடக் கூடாதென்று இமைக்கவே மறந்துவிடுவாள். மாலையில் இரயிலேறிக் கிள்ளான் வீட்டுக்கு வந்து சேரும்போது கண்கள் சிவந்து நீர் வழிந்துகொண்டிருக்கும்.

அவள் கணவன் ஜீவன் துறைமுகத்தில் லோரி ஓட்டுபவன். முதலில் பதறிப்போய், யார் என்ன சொன்னார்கள், வீட்டில் என்ன குறை என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றாள். அவளுக்கும்தான் என்ன தெரியும்? ஒன்றுமில்லாமல் ஒருத்தி தினமும் அழுவாளா என்று அவன் யோசித்தான். போகப் போக, தன்னைக் குற்றம் சொல்லத்தான் இந்த முகத்தோடு வருகிறாள் என்று முடிவு கட்டினான். பேச்சு குறைந்தது, பிறகு ஏச்சு வந்தது.

“தெனமும் சாவு வீட்டுக்கு வர்ற மாதிரி வராத,” என்று ஒருநாள் சொன்னான்.

மறுநாளே அவள் துணிமணிகளை எடுத்துக்கொண்டு செமினியில் இருக்கும் தம்பி குகனின் வீட்டுக்குப் போய்விட்டாள்.

(இப்படியும் ஒரு மடையன் இருப்பானா என்று எனக்கு இவன்மேல் சந்தேகம். அந்த அம்மாளிடமே கேட்டேன். “மடையன் இல்ல. பயந்துட்டாரு,” என்றார். அதற்குப் பிறகு ஜீவனை எழுதுவது கடினமாகிவிட்டது.)

3

குகன்தான் அவளைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனான். விளக்கைப் பிடித்துப் பார்த்த டாக்டர், கண் காய்ந்து கிடக்கிறது என்றார். காய்ந்த கண்ணில் எப்படித் தண்ணீர் வழியும்? கண்ணீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்குமாம். இமையோரச் சுரப்பிகள் அடைத்துக்கொண்டால் அது வராது. ஈரம் நிற்காமல் காய்ந்துபோகும், கண் உறுத்தும். உறுத்தல் தாங்காத கண் ஒரேயடியாக நீரைக் கொட்டும். கொட்டியதும் தங்காது.

[இந்த இடத்தில் ஒரு பக்கம் மருத்துவம் எழுதி நீக்கினேன். உங்களுக்கும் இப்படி இருந்தால் டாக்டரைப் பாருங்கள், கதையைப் பார்க்காதீர்கள்.]

வெதுவெதுப்பான துணியை மூடிய இமைமேல் வைக்க வேண்டும், பிறகு இமையோரத்தைத் துடைக்க வேண்டும். ஏர்கான் காற்று முகத்தில் படக் கூடாது. திரையிலிருந்து அடிக்கடி கண்ணை எடுத்து முழுசாக இமைக்க வேண்டும். சொட்டு மருந்தும் கொடுத்தார். குணமாகிவிடுமா என்று கேட்டாள்.

“கட்டுக்குள்ள வெச்சிருக்கலாம்மா. கவனிக்காம விட்டா திரும்ப வரும்.”

துணியை வைத்துப் படுத்திருந்தபோது அவளுக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் வந்தது. அடைத்துக்கொண்ட எண்ணெயாலா வீடு பிரிந்தது? ஒருவேளை உண்மையாகவே அழுதிருந்தால் மட்டும் அவன் அப்படிப் பேசியது சரியாகிவிடுமா?

4

ஜீவனின் அக்கா இராஜம்மா இரு தரப்பையும் கிள்ளானில் தன் வீட்டுக்கு அழைத்தாள். திரும்பப் போவதில்லை என்று சொல்லிவிடும் தீர்மானத்தோடுதான் அமுதவள்ளி குகனோடு போனாள். கூடத்தில் புது ஏர்கான். மரியாதைக்காக அவளை அதற்கு நேர் எதிரே உட்கார வைத்தார்கள். பேசத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கண்கள் கொட்டத் தொடங்கின.

“பாசம் இல்லாமலா இப்படி அழுவுறா?” என்றாள் இராஜம்மா. “போதும் லா அமுதா. வீட்டுக்கு வந்துடு.”

இது கண் நோய் என்றாள் அமுதவள்ளி. யாரும் காதில் வாங்கவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போன குகனே தலையைக் குனிந்துகொண்டான். துடைக்கத் துடைக்க வழிந்தது. தன் வாய் சொல்வதைத் தன் முகமே மறுத்துக்கொண்டிருப்பதை அவள் உணர்ந்தாள்.

அப்போது ஜீவன் சொன்னான்: “அக்கா, அவ அழல. காத்து நேரா அவ கண்ணுல அடிக்குது. ஏர்கான ஆஃப் பண்ணுங்க.”

லோரி லைசென்ஸுக்காகக் கண் சோதனைக்குப் போனபோது அங்கிருந்த டாக்டரிடம் மனைவியின் கண்ணைப் பற்றிக் கேட்டானாம். அவர் விளக்கிய பிறகுதான் தெரிந்ததாம். தெரிந்த பின் அவளுக்குப் போன் செய்ய முகமில்லை என்றான்.

அவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அன்றே அவளை அவனோடு அனுப்பி வைத்திருப்பார்கள். அது அவனுக்கும் தெரியும்.

5

இங்கே நான் எழுதிப் பார்த்த ஒரு படியில் அவளை அவனோடு அனுப்பினேன். அதைப் படித்த நண்பருக்குச் சந்தோஷம், எனக்கு நம்பிக்கையில்லை. இன்னொரு படியில் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அது வெறும் வீம்பாக இருந்தது. நடந்தவரை சொல்கிறேன்.

அமுதவள்ளி மருந்தை விட்டுக்கொண்டு கண்களை மூடியிருந்தாள். கூடத்தில் புழுக்கம் ஏறியது. யாரும் எழவில்லை. கண்ணைத் திறந்ததும் ஜீவனை நேராகப் பார்த்தாள்.

“கண்ணு நோவுன்னு தெரிஞ்சதும் நீங்க வருத்தப்படுறீங்க. சரி. நான் நெசமாவே அழுதிருந்தா? அப்பவும் அப்படித்தான் ஏசியிருப்பீங்களா?”

ஜீவனின் பதிலை அந்த அம்மாள் எனக்குச் சொல்லவில்லை.

அவனுக்காக நான் எழுதிப் பார்த்தேன். ‘மாட்டேன்’ என்றால் பொய்யாக ஒலிக்கிறது. ‘ஆமாம்’ என்றால் உண்மைதான், ஆனால் அதற்குப் பின் அவனை எப்படி அங்கே உட்கார வைப்பது என்று தெரியவில்லை. ‘தெரியல’ என்று எழுதி

இல்லை, அதையும் அடித்துவிட்டேன். அவள் இன்னும் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் அவள் இடத்தில் இருந்தால், அவன் என்ன சொன்னால் கூடப் போவீர்கள்?