கரையை விட்டு நகராதவர்

துறைமுகத்தில் பயணிகள் கப்பல்களைக் கழுவும் வேலைக்குச் சேர்ந்தவர் ஐந்து வருஷமாக ஒரு கப்பலிலும் கால் வைக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? நம்பித்தான் ஆகவேண்டும். அந்த நாட்டில் ஐந்து வருஷம் தொடர்ந்து குடியிருந்தால்தான் குடியுரிமை. நடுவில் எல்லையைத் தாண்டினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. கழுவிக்கொண்டிருக்கும்போதே எவனாவது கயிற்றை அவிழ்த்துவிட்டால் என்ன ஆவது? மேஸ்திரியின் காலில் விழாத குறையாகக் கேட்டு, கரையில் குப்பைத்தொட்டி கழுவும் வேலைக்கு மாறிக்கொண்டார்.

கடற்கரையில் ஈர மணலை மிதிக்க மாட்டார். அலை திரும்பும்போது பாதத்திலிருந்து கொஞ்சம் அழுக்கை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் அது யார் கணக்கில் ஏறும்? தும்மல் வந்தால்கூட உள்நாட்டுப் பக்கமாகத் திரும்பித்தான் தும்முவார்.

அவருக்கு ‘நங்கூரம்’ என்று பேர் வைத்தவர் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். விமான டிக்கெட் கடை வைத்திருப்பவர்; மாசத்துக்கு ஒரு தடவையாவது தானும் பறப்பவர். சட்டம் தூங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே குடியுரிமையை வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டவர்.

“தரையில காலே படாத ஜென்மம். இவனுக்கெல்லாம் எந்த மடையன் குடியுரிமை குடுத்தான்?” என்று மச்சானைப் பற்றி நங்கூரம் தன் மனைவியிடம் அடிக்கடி கேட்பார். மடையனின் பேர் தெரியாததால் அவள் பதில் சொல்வதில்லை.

மூன்றாம் வருஷம் ஊரில் மாமனார் இறந்துபோனார். மச்சான் வாசலில் வந்து நின்றார்.

“மாப்ளே, கிளம்புங்க. மூணு பேருக்கும் டிக்கெட் போட்டாச்சு.”

“செத்தவரு எங்க போயிடப் போறாரு மச்சான்? ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்துக்கலாம்.”

“நீங்கல்லாம் மனுஷனாய்யா?”

“முதல்ல குடிமகன் ஆயிக்கறேன். மனுஷனாகறத அப்புறம் பாப்போம்.”

புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே மனு. ஒருவர் நகர்ந்தால் இருவருக்கும் போச்சு. அவள் பெட்டியைக் கட்டினாள். அவர் அவிழ்த்தார். மறுபடி கட்டினாள். மறுபடி அவிழ்த்தார். அதன்பின் அவள் அவரிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். நாட்டுப்பற்று வந்துவிட்டது என்று அவர் மகிழ்ந்துபோனார்.

ஐந்து வருஷம் முடிந்து இருவரையும் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். சாட்சிக்கு ஒரு குடிமகன் வேண்டும் என்றதால் வேறு வழியில்லாமல் மச்சானும் கூட வந்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரி; பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். தமிழைப் புத்தகத்திலேயே படித்துப் புத்தகத்திலேயே முடித்த வெளிநாட்டுப் பெண்.

“கடந்த ஐந்தாண்டுகளில் தாங்கள் இந்நாட்டை நீங்கியதுண்டா?” என்றாள்.

‘நியூஸ் வாசிக்க வேண்டியதக் கொண்டுவந்து இங்க உக்கார வெச்சிருக்கானுங்க’ என்று முணுமுணுத்துவிட்டு, நங்கூரம் நெஞ்சை நிமிர்த்தினார். “இல்லவே இல்ல.”

ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார் என்று அதிகாரி கேட்டார்.

“காலைல எந்திரிப்பேன். பல் வெளக்குவேன். இவகிட்ட போயிட்டு வரேன்னு சொல்லிட்டு…”

அந்தப் பெண்ணின் பேனா நின்றது. “சென்று வருகிறீர்களா? எங்கு?”

“துறைமுகத்துக்குத்தான்.”

“எப்போதெல்லாம்?”

“தினமும்மா! ஒரு நாள் தவறினதில்ல.”

அவள் மொழிபெயர்த்தாள். அதிகாரியின் புருவம் ஏறியது. பிறகு அவள் இந்தப் பக்கம் திரும்பினாள். “நாள்தோறும் கப்பலேறிச் சென்று திரும்புவதாகத் தெரிகிறது. ஐந்தாண்டுகளையும் மீண்டும் தொடங்க நேரிடும் என்கிறார்.”

நங்கூரம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “ஐயோ, அது பேச்சுக்குச் சொல்றதும்மா! வெறுமனே போறேன்னு சொன்னா, ஒரேயடியாப் போய்ச் சேந்துட்டேன்னு ஆயிடும்ல?”

“அப்படியெனில் தாங்கள் போய்ச் சேர்ந்த இடம் எது?”

“மச்சான்! நீங்களாவது எடுத்துச் சொல்லுங்களேன்!”

மச்சான் கூரையைப் பார்த்தார். “தரையில காலே படாதவன் நான். எனக்கென்ன மாப்ளே தெரியும்?”

அதிகாரி மனுவை ஓரமாகத் தள்ளினார். அப்போதுதான் மனைவி வாயைத் திறந்தாள்.

“எங்கப்பா செத்ததுக்கே போகாத ஆளும்மா இது. கட்டின பெட்டிய அவுத்து, என்னையும் போக விடல. இதுவா கப்பல் ஏறும்?”

இது அந்தப் பெண்ணுக்கு முழுசாகப் புரிந்தது. நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்தாள். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பதுபோல நங்கூரத்தைப் பார்த்தார். பிறகு மனுவை இழுத்து இரண்டு முத்திரை குத்தினார்.

“தாங்கள் எங்கும் சென்றிருக்க இயலாது என்று அதிகாரி முழுமையாக நம்புகிறார்” என்றாள் அவள். “குடியுரிமை வழங்கப்படுகிறது. அம்மையாருக்கு வாழ்த்துத் தெரிவிக்கிறார். தங்களுக்குத் தெரிவிக்கவில்லை.”

“பாத்தியாடி, வைராக்கியம்னா இது!” என்று நங்கூரம் படியிறங்கினார். மனைவி அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, ஊருக்கு டிக்கெட் போடு.”

“ரெண்டா?”

“ஒண்ணு.”

“ரிட்டர்ன் சேத்தா, இல்ல ஒன்வேயா?”

“ஒன்வே போடு. மிச்சத்த அங்க போய் யோசிச்சுக்கறேன்.”

“ரிட்டர்னோட எடுத்தாத்தான் சல்லிசு” என்றார் அந்த நாட்டின் ஆகப் புதிய குடிமகன்.