வடையும் பிஸ்கட்டும் முளைப்பாரியும்

பிரியம்வதா தன் அறிக்கையில் ஒரு பொய் எழுதியிருந்தாள். பெரிய பொய் ஒன்றுமில்லை. ‘வாடிப்பட்டிக் குழுவும் சமயநல்லூர்க் குழுவும் கைகோத்துச் செயல்படுகின்றன’ என்று ஒரே ஒரு வரி. உண்மையில் அந்த இரண்டும் கைகோக்கப் போனால், ஒன்றின் கை மற்றதன் கொண்டையில்தான் இருக்கும்.

மதுரையில் அவள் பார்த்த வேலையே சேர்த்துவைக்கும் வேலைதான். சுற்றுவட்டாரத்தில் யாராவது புதிதாக, உருப்படியாக ஏதாவது செய்தால் சமூகப் புத்தாக்க மையம் அவர்களைத் தேடிப்பிடித்து, உதவி செய்து, ஒருவரோடு ஒருவரை இணைத்துவிட வேண்டும். தேடிப்பிடிப்பதில் அவள் கெட்டிக்காரி. வாடிப்பட்டிப் பக்கம் ஒச்சாயியின் குழு காய்கறிக்கென்று சோலாரில் ஓடும் குளிர் அறை ஒன்றை வைத்திருந்தது. சமயநல்லூரில் தங்கப்பொண்ணுவின் குழு வெயில் கூடாரம் போட்டுத் தக்காளியைக் காயவைத்து விற்றது. இணைத்துவிடுவதில்தான் சறுக்கிவிட்டது. முதல் கூட்டத்தில் வடை பாதியிலேயே தீர்ந்துபோக, பின்வரிசைக்கு பிஸ்கட் கொடுத்துச் சமாளித்தாள். பின்வரிசை முழுக்கச் சமயநல்லூர்.

“அவுகளுக்கு வடை, எங்களுக்கு பிஸ்கட்டா?” என்று எழுந்து போன தங்கப்பொண்ணு அப்புறம் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. “பிஸ்கட்டுக்கு மூஞ்சியத் தூக்குறவுகளோட நமக்கென்ன பேச்சு?” என்று ஒச்சாயியும் முறுக்கிக்கொண்டாள்.

இப்போது நிதி தரும் அறக்கட்டளையிலிருந்து கிருஷ்ணபிரசாத் திங்கட்கிழமை வருகிறார். மையத்தை இன்னும் ஒரு வருடம் ஓட்டுவதா, இழுத்து மூடுவதா என்பது அவர் கையில். அந்த ஒரு வரியை நேரில் பார்க்கத்தான் வருகிறார்.

வியாழக்கிழமை ஒச்சாயி போன் செய்தாள். குரல் கம்மியிருந்தது. “மேடம், ஆத்தா கோவிச்சுக்கிட்டா. ஒரு பயறு முளைக்கல.”

அடுத்த செவ்வாய் மாரியம்மன் திருவிழா. முளைப்பாரிக்காக வீட்டுக்கு ஒரு மண்ணோட்டில் பயறு விதைத்து, இருட்டறையில் ஒன்றாக வைத்து வளர்த்து, அன்றைக்குத் தலையில் சுமந்து போக வேண்டும். விரதம் இருக்கும் ஒருத்தியைத் தவிர அந்த அறைக்குள் வேறு யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. இந்த வருடம் விரதம் ஒச்சாயி. புது அறை நன்றாக இருட்டாக இருக்கிறதே என்று பாரி அத்தனையையும் குளிர் அறையில் கொண்டுபோய் அடுக்கிவிட்டாள்.

பிரியம்வதா பதறிப் போய்ச் சேர்ந்து, பூட்டிய கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். “அக்கா, உள்ள மிஷின் ஓடுதா?”

“பின்ன? ஆத்தா வேர்த்து விறுவிறுத்துக் கெடக்கணுமா?”

“குளிர்ல பயறு எப்படிக்கா முளைக்கும்?”

ஒச்சாயி வாயில் கை வைத்துக்கொண்டாள். ஊர்ப் பெண்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். பாரி முளைக்காவிட்டால் ஊருக்கு ஆகாது என்பார்கள், அந்தப் பழி காலத்துக்கும் அவள் தலையில்தான் விழும். பிரியம்வதாவுக்குப் பாவமாக இருந்தது.

இனி வேண்டியது இருட்டாக, கதகதப்பாக, எல்லா ஓடும் கொள்கிற மாதிரி ஓர் இடம். பிரியம்வதாவுக்கு ஒரே ஓர் இடம்தான் தோன்றியது. பயந்துகொண்டே தங்கப்பொண்ணுவுக்கு போன் போட்டாள்.

“எங்க பொழப்பே நாறிக்கிட்டுக் கெடக்கு மேடம். ரெண்டு நாளா ஒரே மூடாப்பு. வெயிலே இல்ல, தக்காளி அம்புட்டும் அழுகுது” என்று தங்கப்பொண்ணு பொருமினாள். விஷயத்தைக் கேட்டதும் குரல் இறங்கியது. “சாமி காரியத்துக்கு மாட்டேன்னு சொல்லுவேனா? ஆனா அந்தக்கா வாயால கேக்கட்டும்.”

தக்காளி அழுகுவதையும் சொல்லி, பிரியம்வதா போனை நீட்டினாள். ஒச்சாயி அதை முறைத்துப் பார்த்தாள். கேட்பதற்கு அவளுக்கு வாய் வரவில்லை.

“ஏத்தா தங்கப்பொண்ணு, அந்தத் தக்காளிய இங்க ஏத்தி விடு. குளிர்ல வச்சுக்கலாம். வர்ற வண்டியில பாரிய அனுப்புறேன்.”

“சரிக்கா” என்றாள் தங்கப்பொண்ணு.

வாடகை வண்டி ஓட்டும் சிவபாண்டியின் குட்டியானை லாரி சமயநல்லூரிலிருந்து தக்காளியோடு வந்தது, மூடிய பாரியோடும் ஒச்சாயியோடும் திரும்பியது. கூடாரத்தைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, மேலே தார்ப்பாய் போர்த்தினார்கள்.

திங்கட்கிழமை கிருஷ்ணபிரசாத் குளிர் அறையில் சமயநல்லூர்த் தக்காளியைக் கண்டு அசந்துபோனார். அடுத்துச் சமயநல்லூர். கூடார வாசலில் வேப்பிலைக் கொத்து. அதன் கீழே ஒச்சாயியும் தங்கப்பொண்ணுவும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

“உள்ள பாக்கக் கூடாது சார்” என்றாள் ஒச்சாயி.

“நான் பாக்கத்தானேம்மா வந்திருக்கேன்?”

“ஆத்தா பாத்துக்கிட்டிருக்கா. பயறும் முளைச்சிருச்சு. அது போதும்.”

அவர் பிரியம்வதா பக்கம் திரும்பினார். தலையாட்டிச் சிரித்திருந்தால் தப்பித்திருப்பாள். அவளால் முடியவில்லை. நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, “நான் எழுதினப்போ அது பொய் சார். வியாழக்கிழமையிலேர்ந்துதான் உண்மை” என்றாள்.

கிருஷ்ணபிரசாத் தாடையைத் தடவினார். “திருவிழா முடிஞ்சா?”

“வெயில் அடிச்சா காயவைப்போம். மூடாப்புன்னா அக்கா ரூமுக்கு ஏத்திருவோம்” என்றாள் தங்கப்பொண்ணு.

“நீங்களே பேசி முடிச்சிட்டீங்க. அப்புறம் மையம் எதுக்கு?”

பிரியம்வதா வாயைத் திறப்பதற்குள் ஒச்சாயி எழுந்துவிட்டாள்.

“நல்லாக் கேட்டீக!” என்றாள் ஒச்சாயி. “நாளைக்கே நாங்க மறுபடி முறுக்கிக்கிட்டா, நடுவுல நின்னு போன் பண்ண ஒரு ஆள் வேணாமா? எங்கள்ல யாரு முதல்ல பண்ணுவா?”

கிருஷ்ணபிரசாத் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “ஒரு வருஷம் ஓடட்டும். ஆனா அந்த அறிக்கையைத் திருத்தி அனுப்புங்க மேடம்.”

தங்கப்பொண்ணு தன் வீட்டுக்குப் போய்ச் சுடச்சுட வடை கொண்டுவந்தாள். அவருக்கு ரெண்டு, ஒச்சாயிக்கு ரெண்டு, வண்டிக்கார சிவபாண்டிக்குக்கூட ரெண்டு. பிரியம்வதாவின் தட்டில் மட்டும் பிஸ்கட்.

இரண்டு பெண்களும் முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரியம்வதா ஒரு பிஸ்கட்டை எடுத்து டீயில் நனைத்தாள். கண் கலங்கியது. ஒன்றுவிடாமல் தின்று முடித்துவிட்டு, “இன்னும் ரெண்டு கெடைக்குமாக்கா?” என்று கேட்டாள்.