பூட்டு உடைத்த கைபேசியும் மீதிப் பாதி வளைவும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் கதை எழுத உட்காரவில்லை. எங்கள் தெருச் சங்கத்தின் செய்தி மடலுக்கு ஒரு பக்கக் கட்டுரை வேண்டும் என்று மெட்டெ கேட்டாள். மடலை நடத்துபவள் அவள்தான். படிப்பவளும் பெரும்பாலும் அவள்தான். தலைப்பையும் அவளே கொடுத்துவிட்டாள்: ‘கைபேசியின் தடைகளை நீக்குவதால் வரும் ஐந்து ஆபத்துகள்’. ஏன் ஐந்து என்று கேட்டேன். நான்கு என்றால் யாரும் பயப்பட மாட்டார்கள், ஆறு என்றால் யாரும் படிக்க மாட்டார்கள் என்றாள்.

முதல் ஆபத்தை ஒழுங்காக எழுதினேன். இரண்டாவதன் நடுவில் டோர்கில் வந்து உட்கார்ந்துகொண்டான். எங்கள் சங்கத் தலைவன். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான் என்பது தெருவுக்கே தெரியும். ஆகவே இது கதையாகிவிட்டது.

(மெட்டெவுக்கு: ஐந்து ஆபத்துகளும் உள்ளே எங்கேயோ இருக்கின்றன. எண்ணிக்கொள்.)

2

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்.

‘அந்த ஜூன் மாத மாலையில் யூட்லாந்தின் வானம் ஒரு மாபெரும்—’

வேண்டாம். வானத்தில் தொடங்குகிறவனுக்குத் தரையில் சொல்ல எதுவும் இல்லை.

‘கைபேசி என்பது நவீன மனிதனின்—’

எழுதிய கை என்னுடையதுதானா என்று பார்த்துவிட்டு வரியை அடித்தேன்.

‘டோர்கில் தன் பக்கத்து வீட்டுக்காரனின் உயிர்வேலியை மில்லிமீட்டர் பிசகாமல் அளக்க விரும்பினான்.’

இது இருக்கட்டும். இதில் ஒரு மனிதன் இருக்கிறான், அவனுக்கு ஓர் ஆசை இருக்கிறது, அந்த ஆசை அற்பமானது. கதைக்கு வேறென்ன வேண்டும்?

3

டோர்கிலை நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானே இரண்டாவது வரைவில் அவனைக் கொஞ்சம் மட்டுப்படுத்திப் பார்த்தேன். ஆள் காணாமலே போய்விட்டான். ஆகவே உள்ளபடியே தருகிறேன். செவ்வாய்க்கிழமைதோறும் நூலகத்தில் ‘எண்ணிம விவேகம்’ என்று கைபேசி, கணினிப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவன் அவன். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் ‘நான் சொல்வது விளங்குகிறதா’ என்று கேட்டு, விளங்குகிறது என்று யாராவது சொல்லும்வரை காத்திருப்பான்.

அவனுக்கும் பக்கத்து வீட்டு ஸ்வென்னிங்குக்கும் நடுவில் பீச் மரக் கன்றுகளை நெருக்கி வளர்த்த ஓர் உயிர்வேலி. இரண்டு கோடைக்கு முன் அது சங்க விதியைத் தாண்டி வளர்ந்துவிட்டது என்றான் டோர்கில். நாடாவைப் பிடித்து அளந்தும் காட்டினான். நாடா வளைந்திருக்கிறது என்றான் ஸ்வென்னிங். அன்றோடு பேச்சு நின்றது. குப்பைத் தொட்டியை வெளியே வைக்கக்கூட ஒருவன் போய் வந்த பிறகுதான் மற்றவன் கதவைத் திறப்பான்.

வளையாத சாட்சி ஒன்று வேண்டும் என்று டோர்கில் தேடியதில், படம் பிடித்தே உயரத்தை மில்லிமீட்டரில் சொல்லும் ஒரு செயலி கிடைத்தது. அது முறையான கடையில் இல்லை. எங்கோ ஒரு தளத்தில், இலவசமாக இருந்தது. ஒரே நிபந்தனை: கைபேசியில் நிறுவனம் போட்டுவைத்த தடைகளையெல்லாம் நீக்கிவிட்டால்தான் வேலை செய்யும்.

(யாரென்றே தெரியாதவன் இலவசமாகத் தருவதை வீட்டுக்குள் விடுவது ஓர் ஆபத்து. அதற்காகச் சுவரை இடிப்பது இன்னோர் ஆபத்து. கைபேசியில் ஒவ்வொரு செயலியும் தன் அறைக்குள் அடைந்து கிடக்கிறது. தடையை எடுத்தால் எல்லா அறைக்கும் கதவே இல்லை. அளவுகோல் உங்கள் கடிதங்களைப் படிக்கலாம்.)

வகுப்பில் ‘ஒருபோதும் செய்யாதீர்கள்’ என்று சிவப்பு எழுத்தில் காட்டுகிற அதே காரியத்தை டோர்கில் ஞாயிறு மதியம் சமையலறையில் உட்கார்ந்து செய்தான். கருவி என்னுடையது, உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதை நான் தீர்மானிப்பேன் என்று மனைவி விபேகெயிடம் விளக்கினான். விளங்குகிறதா என்றும் கேட்டான். விபேகெ உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே, தன்னை அளந்து சொல்லச் சொல்லி வேலி கேட்டதா என்று திருப்பிக் கேட்டாள்.

மறுநாளே வங்கிச் செயலி திறக்க மறுத்தது. வங்கி கோழை என்றான். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வருவதும் நின்றுபோயின. நிம்மதி என்றான். (மூன்று, நான்கு.) அளவுச் செயலியோ ஓர் அளவுகோலின் படத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது. சும்மா இருக்கிறது என்றுதான் அவன் நினைத்தான்.

4

இங்கே கதையை நிறுத்திவிட்டு வளைவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் யூட்லாந்து வழக்கப்படி, மணமாகிப் பன்னிரண்டரை ஆண்டானால், அக்கம்பக்கத்தார் வாசலைச் சுற்றி ஊசியிலைக் கிளைகளால் பாதி வளைவு கட்டுவோம். இருபத்தைந்தில் முழு வளைவு. முந்தின மாலை கட்டிவைத்து, காலை ஏழுக்கு வாசலில் நின்று பாடுவோம். தம்பதி தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்து, வியந்து, எல்லோருக்கும் காப்பியும் ரொட்டியும் சின்னக் கிண்ணத்தில் கசப்புச் சாராயமும் தர வேண்டும். தம்பதி யாரையும் அழைக்கக் கூடாது. சுத்தியல் தலைமாட்டிலேயே அடித்தாலும் திரையை இழுத்துவிட்டு, காதே கேட்காததுபோல் உள்ளே இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன்தான் முதல் கிளையைக் கொண்டுவர வேண்டும். அவன் அசையாமல் தெரு அசையாது.

டோர்கில்–விபேகெ வாசலில் பன்னிரண்டரை ஆண்டுக்கு முன் பாதி வளைவு கட்டியவன் ஸ்வென்னிங். அதன் படம் இன்னும் விபேகெயின் குளிர்பெட்டிக் கதவில் இருக்கிறது: இடப்பக்கம் பச்சை ஏறி, உச்சியில் அந்தரத்தில் நிற்கும்.

இந்த ஜூனில் இருபத்தைந்து. அதெல்லாம் பழைய கூத்து என்று டோர்கில் முன்கூட்டியே அறிவித்துவிட்டான். விபேகெயோ ஒரு வாரமாகச் சுட்டுச் சுட்டு உறைபெட்டியை ரொட்டியால் நிரப்பியிருந்தாள்.

“யாரும் வரலைன்னா இத்தனையும் என்ன பண்ணுவ?” என்று கேட்டானாம்.

“நீதான் இருக்கியே. அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் நீயே சாப்பிடு.”

(இந்தக் கதையில் பணயம் வைக்கப்பட்டிருப்பது அந்த ரொட்டிகள்தான். வாசகர் பார்வையை அவற்றின்மீதே வைத்திருக்கவும்.)

5

விழாவுக்கு முந்தின நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், தெரு முழுக்க எல்லோருடைய கைபேசியும் ஒலித்தது. டோர்கிலின் எண்ணிலிருந்து ஒரே செய்தி:

‘அன்புள்ள வாடிக்கையாளரே! உங்களுக்குப் பரிசு காத்திருக்கிறது. நாளை காலை ஏழு மணிக்குள் உறுதி செய்யவும், தயவுசெய்து.’ கீழே ஓர் இணைப்பு.

அன்றைக்கே, அந்த நேரத்தையே சொல்லி வருமா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கதையில் தற்செயல் கூடாது என்று எனக்கும் தெரியும். ஒரு வரைவில் செய்தியை ஒரு வாரம் முன்னதாக வரவைத்துப் பார்த்தேன். யாரும் ஏணியை எடுக்கவில்லை. ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு அனுமதிக்கிறேன்.

வேறெந்த ஊராக இருந்தாலும் இதை மோசடி என்று சிறுபிள்ளையும் சொல்லியிருக்கும். நாங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல. நாளைக் காலை ஏழு மணி, பரிசு, டோர்கில் என்று மூன்றையும் கூட்டினோம். வாய் விட்டு அழைக்கக் கூடாது என்பதால் பாவம் இப்படிச் சுற்றி வளைத்துக் கெஞ்சுகிறான் என்று முடிவு செய்தோம். மெட்டெவுக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது. நான் அந்தப் பரிசு என்னதான் என்று பார்க்க விரலை நீட்டினேன். அப்போது என் கதவு தட்டப்பட்டது. வாசலில் ஸ்வென்னிங், தோளில் ஏணி.

“வர்றியா, இல்ல வாழ்த்து அட்டையோட நிறுத்திக்கப் போறியா?” என்றான்.

6

மாலை. ஜூன் மாதத்து வெளிச்சம், போக மனமில்லாத விருந்தாளிபோல. (பாருங்கள், வானம் எப்படியும் உள்ளே வந்துவிடுகிறது.)

வீட்டுக்குள் நடந்ததை நான் பாதி கேட்டேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது. மீதியைப் புனைகிறேன்.

விபேகெயின் கைபேசிக்கு டோர்கிலின் அக்கா அழைத்து, தம்பி தன்னை எப்போதிலிருந்து வாடிக்கையாளர் ஆக்கினான் என்று கேட்டாள். டோர்கில் தன் கைபேசியை எடுத்தான். அது காய்ச்சல் கண்ட குழந்தைபோல் சுட்டது. அனுப்பிய செய்திகளைப் பார்த்தான். அதை அணைத்துப் போட்டான். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும், செவ்வாய்தோறும் அவனே சொல்வதுதான்: முதலில் எல்லோரையும் எச்சரி.

அந்த நேரத்தில் வாசலில் முதல் சுத்தியல் அடி விழுந்தது.

திரையின் இடுக்கில் பார்த்தான். தெருவே அங்கே இருந்தது. ஏணியின் உச்சியில் ஸ்வென்னிங்.

“ஏதோ சத்தம் கேக்குதே,” என்றான் டோர்கில்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலை,” என்றாள் விபேகெ. அவள் முகம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. “நீயும் இன்னைக்கு ஒரு நாள் செவிடா இரு. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

இந்த இடத்தில் மூன்று நாள் மாட்டிக்கொண்டேன். வெளியே போய் உண்மையைச் சொன்னால் வளைவு போய்விடும்: கூப்பிட்டது அவன் இல்லை, ஒரு திருட்டுச் செயலி. ஸ்வென்னிங் ஏணியைத் தூக்கிக்கொண்டு நடப்பான். ரொட்டி உறைபெட்டியிலேயே கிடக்கும். சொல்லாவிட்டால், சுத்தியலுக்கும் ஆணிக்கும் நடுவில் யாரோ ஒருவர் அந்த இணைப்பை அழுத்துவார். விடிவதற்குள் அவர் வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவார்கள்.

ஒரு வரைவில் அவனை மயங்கி விழ வைத்தேன். கோழைத்தனம். என்னுடையது. இன்னொன்றில் அவன் வளைவின் கீழ் நின்று ஓர் உருக்கமான உரை—

இல்லை. அவன் உரையை யாரும் முடிவுவரை கேட்டதில்லை.

7

நடந்தது இதுதான். திரைக்குப் பின்னாலிருந்து, நூலக வகுப்புக் குரலில், தெருமுனைவரை கேட்கும்படி டோர்கில் மனைவியிடம் பேச ஆரம்பித்தான்.

“விபேகெ, பொதுவா ஒரு விஷயம் சொல்றேன். பரிசு இருக்குன்னு மெசேஜ் வந்தா அந்த லிங்க்கை யாரும் அழுத்தக் கூடாது. அனுப்புனது சங்கத் தலைவரா இருந்தாலும் சரி. தலைவரா இருந்தா கண்டிப்பா அழுத்தக் கூடாது. அது அவர் அனுப்புனதே இல்ல. விளங்குதா?”

சுத்தியல் நின்றது. தெருவே கிளைகளைப் பிடித்தபடி நின்றது. தம்பதிக்கு எங்கள் சத்தம் கேட்கக் கூடாது. அவர்கள் பேசுவது எங்களுக்கும் கேட்கக் கூடாது. நான் மெல்ல விரலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஏணியின் உச்சியிலிருந்து ஸ்வென்னிங் கீழே என்னைப் பார்த்து, தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னான்: “அந்த மெசேஜ் எனக்கும் வந்துது. படிச்சதுமே அவன் எழுதலைன்னு தெரிஞ்சுபோச்சு.”

“எப்படி?” என்றேன். யாராவது கேட்டாக வேண்டுமே.

“‘தயவுசெய்து’ன்னு இருந்துதே.”

உள்ளே யாரோ சிரிப்பை விழுங்கப் பார்த்து, முடியாமல் புரையேறி இருமினார்கள். டோர்கில் இல்லை.

சற்றுக் கழித்து அவன் குரல் மறுபடி வந்தது. வகுப்புக் குரல் இல்லை. “விபேகெ, ஒரு சந்தேகம். கூப்பிடலைன்னு தெரிஞ்சும் ஒருத்தர் ஏன் ஏணியத் தூக்கிட்டு வரணும்?”

“அந்தத் திருட்டு மெசேஜப் பாத்துத்தான் நாளைக்கு என்ன நாள்னே ஞாபகம் வந்துது,” என்றான் ஸ்வென்னிங் என்னிடம். “அன்னைக்குப் பாதி கட்டிட்டுப் போனேன். பாதியில நிக்கிற வேலை எனக்கு ஆகாது.”

“விபேகெ, அந்த போனோட பூட்ட நான் எதுக்கு ஒடச்சேன் தெரியுமா? வேலிய அளக்க.”

ஸ்வென்னிங் விதியை மீறினான். நேராகத் திரையைப் பார்த்துக் கேட்டான்: “அளந்தியா?”

“இல்ல. அதுக்குள்ள அது ஊருக்கே கடுதாசி போட ஆரம்பிச்சுடுச்சு.”

“இனிமே அளக்கவும் முடியாது,” என்றான் ஸ்வென்னிங். “ஊசியிலை பத்தலை. வேலியோட தலைய வெட்டித்தான் மிச்சத்த ரொப்பியிருக்கேன். உனக்கு எது அதிகமாத் தெரிஞ்சுதோ அது பூரா உன் வாசல்ல இருக்கு.”

8

ஐந்தாவது ஆபத்து, மெட்டெ: பூட்டை உடைத்தவனோடு கேடு நிற்காது. அவன் முகவரிப் புத்தகத்தில் உள்ள அத்தனை பேரின் வீட்டுக்கும் அது போகும். அவர்கள் எல்லோரும் கிளம்பி அவன் வீட்டுக்கே வந்துவிடுவதும் உண்டு, ஆனால் அதை நம்பி யாரும் பூட்டை உடைக்க வேண்டாம்.

காலைக் காட்சியை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் டோர்கிலுக்கு அதில் ஓர் உரை கொடுக்க வேண்டிவரும். பாதிவரை கட்டிக் கொடுத்துவிட்டேன். இடப்பக்கம் ஊசியிலை, வலப்பக்கம் பீச். கதவு இன்னும் மூடித்தான் இருக்கிறது. உள்ளே உறைபெட்டி திறக்கும் சத்தம் கேட்கிறது. அதைக் கேட்காததுபோல் நில்லுங்கள். ஏழு அடித்ததும் பாட்டை நீங்கள் ஆரம்பியுங்கள். எனக்குச் சுருதி சேராது.