பெடலில் ஒரு கால்

தப்பை ஒப்புக்கொள்வது என்றால் அந்த மெக்கானிக்குக்கு உயிரே போய்விடும். வண்டியை ஒரு நோட்டம் விட்டு, "சரியாத்தான் இருக்கு" என்று ஒரே போடாகப் போடுவான். மூன்று மாதத்துக்கு முன்னால் கூடப்பிறந்த அண்ணனிடமும் அதையேதான் சொன்னான்.

"கிளட்ச் பஞ்சு மாதிரி அமுங்குதுடா. ஹோஸ் போயிருக்கும், பாரு" என்றார் அண்ணன். இவன் அந்த ரப்பர் குழாயைத் துணியால் துடைத்துப் பார்த்தான். வெடிப்பு இல்லை, கசிவு இல்லை. "ஹோஸ் சரியாத்தான் இருக்கு. உன் கால்தான் தளர்ந்து போச்சு" என்று கேலி செய்தான். வாக்குவாதம் முற்றியது. ஆறடி மனுஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். அடுத்த வாரமே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

இன்று மதியம் அதே காரை அண்ணி ஓட்டி வந்தாள். குள்ளமான உருவம், சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு, ஸ்டியரிங்கோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் மலை ஏறி மகளை விடுதியில் விட வேண்டுமாம்.

"கியர் போடுறப்ப கரகரங்குது தம்பி. சில நேரம் பெடல் கீழயே நின்னுடுது. பிள்ளைய வச்சுக்கிட்டு ஏத்தத்துல மாட்டிக்கிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

வழக்கமான வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அண்ணியின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான். ஹோஸ் சும்மா இருக்கும்போது நல்ல பிள்ளையாகத்தான் தெரியும். ஒருவர் பெடலை அமுக்க, இன்னொருவர் கீழேயிருந்து பார்த்தால்தான் அதன் வண்டவாளம் வெளியே வரும். அன்றைக்கு அந்தப் பொறுமை இவனுக்கு இல்லை.

"உள்ளயே இருங்க அண்ணி. நான் சொல்றப்ப அமுக்குங்க" என்று சொல்லி, காருக்கு அடியில் இருந்த குழிக்குள் இறங்கினான். விளக்கைத் தூக்கிப் பிடித்தான். "அமுக்குங்க!"

மேலே ஸ்டியரிங்கில் டக், டக் என்று இரண்டு தட்டு. முன்பு இருவரும் சேர்ந்து வண்டி பார்க்கும்போது அண்ணன் வாயே திறக்க மாட்டார். மோதிரத்தால் இரண்டு தட்டு தட்டினால் பெடல் அமுங்கிவிட்டது என்று அர்த்தம். வீட்டில் சொல்லிக் கொடுத்திருப்பார் போல என்று நினைத்துக்கொண்டான்.

ஹோஸ் நடுவில் தவளைத் தொண்டை மாதிரி உப்பியது. "விடுங்க" என்றதும் வற்றியது. மறுபடி அமுக்கச் சொன்னான், மறுபடி உப்பியது. அமுக்குகிற பலம் எல்லாம் அந்த உப்பலிலேயே வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி.

பழையதைக் கழற்றிப் புதிய ஹோஸை மாட்டினான். மேலே ஏறி ஆயில் ஊற்றினான். தூக்கி நிறுத்திய பானெட் சீட்டை மறைத்திருந்தது. மறுபடி குழிக்குள் இறங்கி, குழாயில் அடைபட்ட காற்றை வெளியேற்ற ஏர் எடுக்க ஆரம்பித்தான். "அமுக்குங்க" என்றால் டக், டக். காற்று போகும் நிப்பிளைத் திறந்தால் குமிழ் குமிழாக ஆயில். மூடிவிட்டு "விடுங்க". பத்துத் தடவை ஓடியும் ஒன்றுகூடத் தப்பவில்லை. பழைய நாள் திரும்பி வந்தது போல அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பதினோராவது தடவை இவன் வாயைத் திறக்கும் முன்பே டக், டக்.

அவசரமாக மேலே ஏறினான். அண்ணி செல்போனும் கையுமாகத் தெருவைத் தாண்டி ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. நீங்க முதல்ல கீழ இறங்கினதுமே விடுதியிலேருந்து போன். உள்ள சிக்னல் இல்லைன்னு எதிர்ப்பக்கம் போயிட்டேன். இப்ப உக்காரட்டுமா?"

அண்ணி கதவைத் திறந்து உட்கார்ந்து காலை நீட்டினாள். பெடல் எட்டவில்லை.

"ஏன் தம்பி சீட்டை இவ்வளவு பின்னாடி தள்ளி வச்சிருக்கீங்க? உங்க அண்ணன் உக்கார்ற மாதிரி?"

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி. ஹோஸ்தான். ஒழுங்காப் பாக்காமலே சொல்லிட்டேன், மன்னிச்சுடு" என்றான்.

"யார்கிட்ட பேசுறீங்க?" என்று கேட்டபடி அண்ணி குனிந்தாள். சீட்டை முன்னால் இழுக்க, அவளுடைய இரண்டு கைகளும் அடியில் கம்பியைத் தேடிக்கொண்டிருந்தன.

ஸ்டியரிங்கில் டக், டக் என்று கேட்டது.