கோலம் போடும் பதம்

காந்தத்தை மண்ணுக்குள் விட்டு எடுத்தேன். கறுப்போடு மஞ்சளும் ஈஷிக்கொண்டு வந்தது. மூன்று நாளாக இதே கூத்து. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

ஈயச் சுரங்கத்தில் ஈயத்தை எடுத்தபின் மிஞ்சும் கறுப்பு மண்ணை ஆமாங் என்பார்கள். முன்பெல்லாம் அதை யார் சீந்தினார்கள்? ஜப்பான்காரன் வந்த மறு வருடம் அதற்கும் மவுசு வந்துவிட்டது. காஜா பெராங்கில் ஒரு பழைய கொட்டகையில் மூட்டை மூட்டையாகக் கொட்டி, உள்ளே கலந்து கிடக்கும் மஞ்சள் மணலை மட்டும் தனியே எங்களைப் பிரிக்கச் சொன்னான். காந்தத்தில் கறுப்பு ஒட்டும், மஞ்சள் ஒட்டாது என்றார்கள். அது எதற்கு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. கேட்டால் அறை விழும்.

என் கவலை மணல் அல்ல. சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போகிறவர்கள் பட்டியலில் என்னோடு கொட்டகையில் மண் பிரிக்கும் என் வீட்டுக்காரர் அப்பாசாமியின் பெயர் இருந்தது. ஆறு மாதம் முன்பு லோரியில் ஏறிய பக்கத்து வீட்டு ராஜரத்தினம் இன்னும் வரவில்லை. "சனிக்கிழமைக்குள்ள ஒரு வாளி சுத்தமான மஞ்சள் மணல் வேணுமாம். தந்தால் கொட்டகை ஆக்களை விட்டுடுவாங்கள். இல்லையெண்டால் எல்லாரும் சயாமுக்குத்தான்" என்று கொட்டகைக் கணக்கு எழுதும் கிராணி நல்லையா சொல்லியிருந்தார். அன்று வெள்ளி. வாளியின் அடிகூட மறையவில்லை.

கோபத்தில் மண்ணை ஒரு பிடி இறுக்கிப் பிடித்தேன். விரலைத் திறந்தால், பிடித்தபடியே கொழுக்கட்டையாக நின்றது. அட சனியனே! வெயிலில் காயவைத்த மண்தான், தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கிறது. உள்ளே ஈரம் போகவில்லை. வறுக்காத மாவில் யாராவது இடியாப்பம் பிழிவார்களா?

"ஏங்க, அடுப்பப் பத்த வைங்க. பெரிய குவாலி சட்டிய எடுங்க."

நல்லையா ஓடி வந்தார். "உனக்கென்ன விசரோ சந்திரமதி? மண்ணை வறுத்து ஆருக்குப் புட்டு அவிக்கப் போறாய்?"

"ஜப்பான் தொவானுக்குத்தான் கிராணியாரே. நீங்களும் ஒரு வாய் சாப்புடுங்க!"

அப்பாசாமி விறகை அடுக்கிக்கொண்டே சொன்னார். "மண்ணு கெட்டுப்போச்சுன்னா தலைய எடுத்துருவான்டி."

"எடுக்கட்டும். சயாமுக்குப் போயி சாவறதுக்கு என் கண்ணு முன்னால சாவுங்க."

சொல்லிவிட்டு மண்ணைக் குவாலியில் கொட்டிக் கரண்டியால் கிளறினேன். அரிசியைக் கண்ணால் பார்த்து ஒரு வருடம். வாசலில் கோலம் விழுந்தும் ஒரு வருடம். கைக்கு மட்டும் பதம் மறக்கவில்லை. ஒரு சிட்டிகை எடுத்து மேசைமேல் கோடு இழுத்தேன். விட்டு விட்டு விழுந்தது. இன்னும் வறுத்தேன். மறுபடி இழுத்தேன். பாதியில் அறுந்தது. மூன்றாவது தடவை இழை அறாமல் மேசையின் மறுமுனைவரை ஓடியது.

"வந்துருச்சுங்க! கோலம் போடுற பதம் வந்துருச்சு!"

புகையைப் பார்த்து ஜப்பான் எஞ்சினியர் கத்திக்கொண்டே உள்ளே வந்தான். ஓங்கிய கைக்கு முன்னால் நான் காந்தத்தை மண்ணின் மேலே காட்டினேன். கறுப்பெல்லாம் துள்ளி ஒட்டிக்கொண்டது. மேசையில் மஞ்சள் மட்டும் கிடந்தது. காந்தத்தைப் பிடுங்கி அவனே மூன்று தடவை செய்து பார்த்தான். "பாகுஸ்" என்றான், நல்லது என்று மலாயில். அப்புறம் மெதுவாக இன்னொரு தடவை, "பாகுஸ்."

சனிக்கிழமை மத்தியானம் வாளி தலைதட்டி நின்றது. பட்டியலில் அப்பாசாமியின் பெயர்மேல் நல்லையா கோடு கிழித்ததை என் கண்ணால் பார்த்தேன். கிழித்துவிட்டு, "புட்டு நல்லா அவிஞ்சுது பிள்ளை" என்றார். எனக்கு வந்த சிரிப்பில் கண்ணீரும் கொட்டியது. ஜெயித்துவிட்டேன் ஐயா, ஜெயித்தேவிட்டேன்!

ஞாயிறு விடியலில் சயாம் லோரி எங்கள் தெருவைத் தாண்டிப் போனது. உள்ளே யார் யாரோ. நான் வாசலைத் தெளித்து, கழித்துப்போட்ட கறுப்பு மண்ணை அள்ளி வந்து, எட்டுப் புள்ளி வைத்து இழுத்தேன். ஒரு இடத்திலும் அறவில்லை.

அப்பாசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். கறுப்புக் கோலத்தை மிதிக்காமல் காலை அகட்டித் தாண்டி, கொட்டகைப் பக்கம் நடந்து போனார்.